தமிழ் ஸ்ட்ரூப் டெஸ்ட்டுக்கு எந்த டூல்? சேலத்துலயும் ஏற்காட்டுலயும் ஓடின ஒரு புரோகிராமோட கதை

கேஸ் இதுதான். சேலத்துல எம்.எஸ்சி சைக்காலஜி ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி, டெசர்டேஷனுக்கு ஸ்ட்ரூப் டெஸ்ட் எடுத்திருந்துச்சு, ஒரே பசங்ககிட்ட தமிழ்ல ஒரு ரவுண்டு, இங்கிலீஷ்ல ஒரு ரவுண்டு. டவுன்ல இங்கிலீஷ் மீடியம் பசங்க ஒரு குரூப், ஏற்காட்டுக்கு மேல ஒரு ஊர் ஸ்கூல்ல தமிழ் மீடியம் பிளஸ் ஒன் பசங்க இன்னொரு குரூப், எந்த மொழி வார்த்தை யாரை அதிகமா இழுக்குதுன்னு பாக்கணும். ரெண்டு மொழி தெரிஞ்சவங்ககிட்ட ஸ்ட்ரூப் பண்றது ஒண்ணும் புதுசு இல்ல, 1969லயே பிரஸ்டனும் லாம்பர்ட்டும் பண்ணியிருக்காங்க. ஆனா தமிழ் எழுத்தை ஸ்கிரீன்ல காட்டி, மில்லிசெகண்ட் கணக்குல அளந்து, அதையும் நெட்டை நம்ப முடியாத மலை மேல போய்ப் பண்ணணும்னா எந்த டூல்ல கட்டுறதுங்கறதே பாதி வேலை ஆயிடுது.

ஸ்ட்ரூப் தெரியாதவங்களுக்கு: "சிவப்பு"ன்னு எழுதியிருக்கும், எழுத்து நீலமா இருக்கும், நீங்க படிக்கக்கூடாது, கலரைத்தான் சொல்லணும். படிக்காம இருக்க யாராலயும் முடியாது, அதனால பதில் லேட்டாகும், அந்த லேட்டைத்தான் அளக்கறோம். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935ல இதை வெளியிட்டப்ப கம்ப்யூட்டர் ஏது, 100 ஐட்டம் அச்சடிச்ச கார்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். வெறும் கலர் கட்டங்களைச் சொல்லி முடிக்க சராசரியா 63.3 செகண்ட், மாத்தி எழுதின வார்த்தைகளோட கலரைச் சொல்ல 110.3 செகண்ட். 47 செகண்ட் வித்தியாசத்தைப் பிடிக்க எந்த சாஃப்ட்வேரும் தேவையில்ல. டூல்னு சொன்னதும் எல்லாரும் லேப்டாப்பைத்தான் திறக்கறாங்க, கார்டும் ஒரு டூல்தான்னு யாருக்கும் தோணறதில்ல.

நான் அஸ்தம்பட்டி பக்கம் சின்னதா சாஃப்ட்வேர் வேலை பண்றவன், காலேஜ் பசங்களுக்கு இந்த மாதிரி செட் பண்ணிக் கொடுக்கறதும் உண்டு. தங்கச்சி வந்து கேட்ட முதல் கேள்வி, "ஏங்கண்ணா, இதுக்கு பைத்தான் கத்துக்கறதா ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்கறதா?" கைடு மேடம் ஒரு பேர் சொல்லியிருக்காங்க, சீனியர் அக்கா வேற பேரு, யூடியூப்ல பாத்தா மூணாவது ஒண்ணு. வர்ற பசங்க எல்லாரும் இங்க இருந்துதான் ஆரம்பிக்கறாங்க, என் கணக்குல இது கடைசியா வரவேண்டிய கேள்வி.

ரெண்டு பேப்பர்

முதல் பேப்பர்ல ஒரே ஒரு டிரயலை, அதாவது ஒரு வார்த்தை வந்து அதுக்குப் பதில் அழுத்துற ஒரு சுத்தை மட்டும் எழுதச் சொன்னேன். நடுவுல பிளஸ் குறி 500 மில்லிசெகண்ட். அப்புறம் வார்த்தை, கீ அழுத்துற வரைக்கும், அதிகபட்சம் 2500. அப்புறம் வெறும் ஸ்கிரீன், 400ல இருந்து 800க்குள்ள மாறி மாறி, இல்லன்னா பசங்க தாளம் பிடிச்சு அழுத்த ஆரம்பிச்சிடுவாங்க. பயிற்சி ரவுண்டுல மட்டும் சரி, தப்பு காட்டணும். இவ்வளவுதான் டிரயல், இதுல கஷ்டமான விஷயம் எதுவுமே இல்ல, வீடியோ இல்ல, ஆடியோ இல்ல, கண்ணுக்குத் தெரியாம மின்னி மறையுற வார்த்தை இல்ல. இந்த லெவல்ல இருக்கிற டிரயலை இன்னைக்கு இருக்கிற எந்த டூலும் செய்யும்.

ரெண்டாவது பேப்பர்லதான் விஷயம். யார் உக்காரப் போறாங்க? கீபோர்டை அதிகம் தொடாத பிளஸ் ஒன் பசங்க. எங்க? ஒரு பக்கம் காலேஜ் லேப், இன்னொரு பக்கம் மலை ஸ்கூல்ல ஒரு கிளாஸ்ரூம். எந்த மெஷின்? இதுதான் பெரிய கேள்வியா வந்துச்சு. காலேஜ் லேப் டெஸ்க்டாப்பை ஏற்காட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது, அங்க ஒரு மெஷின் இங்க ஒரு மெஷின்னு வச்சா குரூப் வித்தியாசத்தோட மெஷின் வித்தியாசமும் கலந்துடும். அதனால ரெண்டு இடத்துக்கும் ஒரே லேப்டாப்புங்கதான் போகணும். தங்கச்சியோட ஃபிரண்ட்ஸ்கிட்ட பிளஸ் டூல கவர்மென்ட் கொடுத்த இலவச லேப்டாப் இருந்துச்சு, ஒரே வருஷம், ஒரே மாடல். அதைத் தேடிப் பிடிச்சு வாங்கினதுதான் இந்த புராஜெக்ட்லயே உருப்படியான ஐடியா, அது தங்கச்சியோடது. ஒரே மாடலா கிடைச்சுது, ஆனா மெமரி கம்மி, டிஸ்க்ல இடம் கம்மி, பேட்டரி பாதி உயிர். நெட்? இல்லன்னே வச்சுக்குவோம். அடுத்த வருஷம் வேற ஸ்டூடன்ட் வந்து வார்த்தையை மாத்தணும்னா யார் மாத்துவாங்க? நான் இல்ல, மேடமும் இல்ல, அந்த ஸ்டூடன்ட்தான், அதுக்கு கோடு தெரியாது.

இந்த ரெண்டாவது பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு லிஸ்ட்டைப் பாத்தா பாதிப் பேரு தானா விழுந்துடுது.

லிஸ்ட்ல இருந்தது

கூகுள் ஃபார்ம், பவர்பாயின்ட் ரெண்டையும் மொதல்ல ஓரம் கட்டிடலாம். ஃபார்ம் என்ன பதில்னு சொல்லும், எத்தனை மில்லிசெகண்ட்ல வந்துச்சுன்னு சொல்லாது. ஸ்லைடு போட்டுப் பக்கத்துல ஸ்டாப்வாட்ச் பிடிச்சா, பிடிக்கிறவங்க விரலோட தாமதமே நாம தேடுற வித்தியாசத்தை விடப் பெருசா இருக்கும், ஒவ்வொரு வார்த்தைக்கும் அப்படி அளக்கறதுல அர்த்தமே இல்ல.

இ-பிரைம், சைக்காலஜி லேப்கள்ல ரொம்ப வருஷமா இருக்கிறது, மவுஸ்ல இழுத்துப் போட்டுக் கட்டலாம், விண்டோஸ் மட்டும், காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கணும். ஒரு டெசர்டேஷனுக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரல. சைக்டூல்பாக்ஸ் 1997ல இருந்து பேப்பர்கள்ல அடிபடுற பேரு, பார்வை சம்பந்தமான ஆராய்ச்சி பண்றவங்க சத்தியம் பண்ணுவாங்க, டைமிங்ல அதை அசைக்க முடியாது. ஆனா மேட்லேப்னு காசு கொடுத்து வாங்குற சாஃப்ட்வேர் வேணும், இல்ல அதுக்கு இலவச மாற்றான ஆக்டேவ்ல ஓட்டணும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அது ஏற்காடு மலைப்பாதையை ஃபர்ஸ்ட் கியர்லயே ஏறுற மாதிரி. நாலு வார்த்தை நாலு கலருக்கு அவ்வளவு வேண்டாம்.

உண்மையான போட்டி மூணு நாலு பேருக்குள்ளதான். சைக்கோபை, நாட்டிங்ஹாம்ல ஜானதன் பியர்ஸ் ஆரம்பிச்சது, பைத்தான், இலவசம், கோடு எழுதத் தெரியலன்னா பில்டர்னு ஒரு பகுதி இருக்கு, அதுல பெட்டி பெட்டியா அடுக்கினா போதும். ஓப்பன்செசமி, மாத்தோட்டும் கூட இருந்தவங்களும் 2012ல வெளியிட்டது, அதுவும் இலவசம், அதுவும் இழுத்துப் போடுறது, கோடு பக்கம் போகவே மாட்டேன்னு சொல்ற ஸ்டூடன்ட்டுக்கு நான் கையைக் காட்டுறது இதைத்தான். அப்புறம் பிரவுசர்ல ஓடுற கோஷ்டி: டி லீயூவோட ஜேஎஸ்-சைக், 2015ல பேப்பர் வந்துச்சு, வெறும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, இலவசம், லேப்.ஜேஎஸ், இதுவும் இலவசம், பிரவுசருக்குள்ளயே கட்டி, ஆஃப்லைன்ல ஓட்டுறதுக்கு ஃபைலா இறக்கிக்கலாம்.

"பிரவுசர்னா நெட் வேணுமேங்கண்ணா?" தங்கச்சி கேட்டுச்சு. வேண்டாம். ஒரு ஃபோல்டர்ல எச்டிஎம்எல் ஃபைலும் ரெண்டு மூணு ஸ்கிரிப்ட்டும் இருந்தா டபுள் கிளிக் பண்ணி ஓட்டலாம், பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய் எந்த லேப்டாப்லயும் காப்பி பண்ணிக்கலாம், இன்ஸ்டால்னு ஒண்ணே கிடையாது. ஆன்லைன் எக்ஸ்பெரிமென்ட்டுக்குன்னு பண்ணினதை ஆஃப்லைன்ல ஓட்டக்கூடாதுன்னு யாரும் சட்டம் போடல.

பச்சைன்னு ஒரு வார்த்தை போதும்

இங்கிலீஷ்ல எக்ஸ்பெரிமென்ட் பண்றவங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அதனால எந்த டுடோரியல்லயும் இது இருக்காது. தமிழ் எழுத்தை கம்ப்யூட்டர் சேமிச்சு வைக்கிற வரிசை ஒண்ணு, ஸ்கிரீன்ல வரையுற வரிசை வேற. "சை"யை எடுத்துக்குங்க, உள்ள ச முதல்ல, ஐகாரக் குறி ரெண்டாவது. வரையும்போது குறி இடது பக்கம் தாவி வரணும். "பு"ல உகரம் தனியா நிக்காது, ப-வோட ஒட்டி ஒரே வடிவமாகணும். இந்த வேலைக்கு ஷேப்பிங்னு பேரு, பிரவுசர்கள்ல இதுக்குன்னே ஹார்ஃப்பஸ் மாதிரி எஞ்சின் உள்ளயே இருக்கு. ஆனா எக்ஸ்பெரிமென்ட் டூல்கள் பலது டைமிங்குக்காக கிராஃபிக்ஸ் விண்டோவைத் தானே திறந்து எழுத்தை ஒண்ணொண்ணா தானே வரையும், அந்த இடத்துல ஷேப்பிங் இல்லன்னா குறி எல்லாம் எழுத்துக்கு வலது பக்கம் போய் நிக்கும்.

அதனால புதுசா எந்த டூலை எடுத்தாலும் நான் முதல்ல போட்டுப் பாக்குறது "பச்சை"ங்கற ஒரு வார்த்தை. ஐகாரம் எங்க நிக்குது, புள்ளி தலைமேல இருக்கா இல்ல பக்கத்துல தொங்குதா, ரெண்டும் அதுலயே தெரிஞ்சுடும். "நீலம்" போட்டுப் பாத்து ஓகேன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க, அதுல இடம் மாறுற குறியே இல்ல.

இதுக்கு வழி இல்லாம இல்ல. வார்த்தைகளை எல்லாம் படமா மாத்திட்டா எந்த டூலும் காட்டும், படத்துக்கு ஷேப்பிங் எதுக்கு. ஸ்ட்ரூப்புக்கு நாலு வார்த்தைதான், கலரோட சேத்தாலும் சின்ன எண்ணிக்கை, தாராளமா பண்ணலாம். ஆனா அடுத்த வருஷம் 200 வார்த்தையோட ஒருத்தர் வந்தா ஒவ்வொண்ணையும் படமாக்கி, சைஸ் ஒழுங்கு பண்ணி, பேர் வச்சு... வார்த்தையை மாத்தப் போறது கோடு தெரியாத ஸ்டூடன்ட்டுன்னு ரெண்டாவது பேப்பர்ல எழுதினோமே, அங்க இது இடிக்குது. பிரவுசர்னா நோட்பேட்ல தமிழ்ல டைப் பண்ணினா போதும்.

இதோட ஒட்டின இன்னொரு சமாச்சாரம். வார்த்தை நீளத்தை ரெண்டு மொழிக்கும் சமமா வைக்கணும்னு மேடம் சொல்லியிருந்தாங்க, சரியான கேள்வி. பைத்தான்ல "சிவப்பு"வோட நீளத்தைக் கேட்டா 7ன்னு சொல்லும், நமக்கு சி-வ-ப்-பு, 4. "பச்சை" 5ன்னு சொல்லும், நமக்கு 3. "மஞ்சள்" 6, நமக்கு 4. அது எண்ணுறது யூனிகோட் குறிகளை, எழுத்தை இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்லயும் சாதாரண லெங்த் இதே தப்பைத்தான் பண்ணும், ஆனா இன்ட்ல் செக்மென்டர்னு ஒண்ணு பிரவுசர்லயே இருக்கு, அது நம்ம எண்ணுற மாதிரியே 4, 3, 4ன்னு சொல்லும். ரிப்போர்ட்ல நீளம்னு போட்டா எதை எண்ணினதுன்னு எழுதணும், வைவால இதை யாராவது கேப்பாங்க.

வார்த்தை லிஸ்ட் வேற ஒரு பழைய டிடிபி ஃபைல்ல பாமினி ஃபான்ட்ல வந்துச்சு, காப்பி பண்ணி ஒட்டினா இங்கிலீஷ் எழுத்து குப்பையா விழும், கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திக்கணும். நாலு வார்த்தைக்கு அதுக்குப் பதிலா நானே டைப் பண்ணிட்டேன்.

வாயால சொல்லவா, கீ அழுத்தவா

ஸ்ட்ரூப்போட அசல் முறை வாயால சொல்றதுதான், வாயால சொன்னா லேட்டும் பெருசா தெரியும்னு மேடமுக்கு அதுலதான் விருப்பம். மைக் வச்சு, சத்தம் கேட்ட நொடியை நேரமா எடுத்துக்கலாம், டூலும் இருக்கு. ஆனா நம்ம நாலு வார்த்தை எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க. "பச்சை" ப-ல வெடிச்சு ஆரம்பிக்கும், மைக் டக்குனு பிடிக்கும். "சிவப்பு" காத்து மாதிரி மெதுவா ஏறும், பிடிக்கறதுக்குள்ள கொஞ்ச நேரம் போயிடும். "மஞ்சள்", "நீலம்" ரெண்டும் மூக்கொலி, அது வேற தினுசு. ஆக ஒவ்வொரு கலருக்கும் மைக் ஒவ்வொரு மாதிரி நேரம் கொடுக்கும், இங்கிலீஷ்ல அதே கலருங்களுக்கு ஆரம்ப ஒலி வேற. ரெண்டு மொழியை ஒப்பிடுற டிசைன்ல இது நேரா நெஞ்சுல குத்துற பிரச்சனை. 2002ல கெஸ்லர், டிரீமன், முல்லனிக்ஸ் மூணு பேரும் ஆரம்ப ஒலி வாய்ஸ் கீயோட, அதாவது இந்த மாதிரி சத்தம் கேட்டு நேரம் குறிக்கிற கருவியோட நேரத்தை எப்படி இழுக்குதுன்னு தனி ஆய்வே பண்ணியிருக்காங்க. சத்தத்தை முழுசா ரெக்கார்ட் பண்ணி அப்புறமா ஒவ்வொண்ணா கையால அளந்தா சரியா வரும், ஆனா அத்தனை பசங்க, அத்தனை டிரயல், யார் உக்காந்து அளக்கறது? அதுவும் ஒரே ரூம்ல நாலு பேரு சத்தமா கலர் சொல்லிக்கிட்டு இருந்தா ஒருத்தர் மைக்ல இன்னொருத்தர் குரல்.

அதனால கீபோர்டுதான். டி, எஃப், ஜே, கே நாலு கீ மேலயும் கலர் ஸ்டிக்கர், ரெண்டு கையும் மேல வச்சுக்கலாம். வித்தியாசம் சின்னதாகும், அது தெரிஞ்சுதான் மேடம் ஒத்துக்கிட்டாங்க.

மில்லிசெகண்ட் பயம்

"பிரவுசர் டைமிங் நம்பலாமா"ன்னு எல்லாரும் கேக்கறாங்க, கேக்கணும்தான், ஆனா பயந்து ஓடறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுப் பாக்கணும். 2020ல பிரிட்ஜஸ், பியர்ஸ் எல்லாம் சேந்து பெரிய ஒப்பீடு ஒண்ணு பண்ணினாங்க. லேப்ல ஓடுறதுல சைக்டூல்பாக்ஸ், சைக்கோபை, இ-பிரைம், பிரசன்டேஷன்ங்கற இன்னொரு டூல் எல்லாம் சராசரியா ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான துல்லியம், பிரவுசர்ல ஓடுறது அதை விடக் கொஞ்சம் கம்மி, பிரவுசருக்கு பிரவுசர், சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும்னு வந்துச்சு. 2018ல ஸ்பெக்டர்னு பிராசசர்ல ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் பிரவுசர் கம்பெனிகளே வேணும்னே கடிகாரத்தோட நுணுக்கத்தைக் குறைச்சாங்க, அதுவும் உண்மை.

இப்ப நம்ம டிரயலுக்கு இதோட பாதிப்பு என்ன? தாமதத்துல ரெண்டு வகை. ஒண்ணு எப்பவும் மாறாத தாமதம். ஸ்கிரீனும் கீபோர்டும் சேத்து 30 மில்லிசெகண்ட் லேட்டுன்னு வச்சுக்குங்க, 700 எடுக்கிறது 730 ஆகும், 800 எடுக்கிறது 830 ஆகும், வித்தியாசம் அதே 100. ஸ்ட்ரூப்ல நமக்கு வேண்டியது வித்தியாசம்தான், அதனால இது கழிஞ்சு போயிடும். ஆனா டவுன் பசங்களோட மொத்த வேகத்தையும் மலைப் பசங்களோட மொத்த வேகத்தையும் ஒப்பிட்டா கழியாது, அங்க மெஷின் மாறினா மாட்டினோம், ஒரே மாடல் லேப்டாப்னு அடம் பிடிச்சது இதுக்குத்தான்.

ரெண்டாவது வகை டிரயலுக்கு டிரயல் மாறுற தாமதம். சாதாரண யுஎஸ்பி கீபோர்டை கம்ப்யூட்டர் செகண்டுக்கு 125 தடவை எட்டிப் பாக்கும், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. அதனால வர்ற ஏற்ற இறக்கத்தோட திட்ட விலகல் 8ஐ 12ஓட வர்க்கமூலத்தால வகுத்தா சுமாரா 2.3. மனுஷனோட ரியாக்‌ஷன் டைமே டிரயலுக்கு டிரயல் 150 மில்லிசெகண்ட் ஆடுதுன்னு வைங்க. ரெண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தா 150.02. அவ்வளவுதான், 150 இருந்தது 150.02 ஆச்சு. இதுக்காக ஸ்பெஷல் பட்டன் பாக்ஸ் வாங்கச் சொன்னா நான் தடுத்துடுவேன், அந்தக் காசுக்கு இன்னும் நாலு பசங்களை உக்கார வைக்கலாம்.

கணக்கு ஒரு பக்கம், மெஷினையும் ஒரு தடவை பாத்துடணும். ஸ்கிரீன் வெளிச்சம் மாறுறதைப் பிடிக்கிற போட்டோடயோடு, அதைப் படிக்க ஆர்டுயினோங்கற சின்ன போர்டு வச்சு அளக்கறது முறையான வழி. கையில இருக்கிற போன்ல 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் இருந்தா அதுவும் ஓரளவு போதும், ஒரு ஃப்ரேம் சுமாரா 4 மில்லிசெகண்ட். கீயை அழுத்துற விரலையும் ஸ்கிரீன் மாறுறதையும் ஒரே வீடியோவுல பிடிச்சு ஃப்ரேமை எண்ணிட்டா, தாமதம் எவ்வளவு, எவ்வளவு ஆடுதுன்னு தெரிஞ்சுடும். எல்லா லேப்டாப்லயும் எண்ணிப் பாத்தோம், ஒண்ணுல மட்டும் ஆட்டம் அதிகம், பாத்தா பேட்டரி சேவர் ஆன்ல இருந்துச்சு, பிரவுசர் ஃப்ரேமைக் குறைச்சிருக்கு. அணைச்சதும் மத்ததோட சேந்துடுச்சு.

கட்டினது

ஜேஎஸ்-சைக் எடுத்தேன். லேப்.ஜேஎஸ் எடுத்திருந்தாலும் தப்பே இல்ல, இதுல பாதிக் காரணம் எனக்குக் கை பழக்கம், மீதி ராண்டம் வரிசையை என் இஷ்டத்துக்குக் கோட்ல பிடிச்சுக்கலாம்ங்கறது.

அந்த வரிசையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா டூலை விட இதுலதான் நிறைய பேரு கோட்டை விடறாங்க. நாலு வார்த்தை நாலு கலர்னா வார்த்தையும் கலரும் பொருந்துற ஜோடி 4, பொருந்தாத ஜோடி 12. ரெண்டும் பாதிப் பாதி வேணும்னு பொருந்துறதை மூணு மூணு தடவை போட்டுடுவாங்க. போட்டா என்ன ஆகும், "சிவப்பு"ன்னு வார்த்தை வந்தாலே பாதித் தடவை கலரும் சிவப்புதான்னு பசங்க மூளை தானா கத்துக்கும், அப்புறம் வர்ற வித்தியாசம் ஸ்ட்ரூப்பா இந்தக் கத்துக்கிட்டதான்னு பிரிக்க முடியாது. 2008ல ஷ்மிட்டும் பெஸ்னரும் இதைப் பிடிச்சு எழுதினாங்க. அதனால ஜோடி பிரிச்சுட்டோம்: சிவப்பும் நீலமும் ஒரு ஜோடி, பச்சையும் மஞ்சளும் ஒரு ஜோடி. "சிவப்பு" வார்த்தை சிவப்புலயும் நீலத்துலயும் மட்டும் சரிசமமா வரும், வார்த்தையை வச்சு ரெண்டுல எதுன்னு கணிக்கவே முடியாது. கலர் பார்வை சரியா இருக்கான்னு இஷிஹாரா தட்டு வச்சு மொதல்லயே பாத்துடறது தனி.

ஃபான்ட் நோட்டோ சான்ஸ் தமிழ். விண்டோஸ்ல இருக்கிறதை நம்பினா ஒரு மெஷின்ல லதா, இன்னொண்ணுல நிர்மலான்னு எழுத்தோட கனமே மாறும். ஃபான்ட்டை ஸ்டைல் ஃபைலுக்குள்ளயே புதைச்சு, அது முழுசா ஏறின பிறகுதான் முதல் டிரயல் ஆரம்பிக்கும்னு வச்சாச்சு. பின்னணி கருஞ்சாம்பல், வெள்ளைல மஞ்சள் எழுத்து யாருக்குத் தெரியும்.

வார்த்தை லிஸ்ட்டைத் தனி ஃபைலா வச்சோம். அதை சிஎஸ்வியா வச்சா டபுள் கிளிக்ல திறந்த பக்கத்துக்கு குரோம் படிக்க விடாது, பாதுகாப்பு காரணம், அதனால ஸ்கிரிப்ட் ஃபைலாவே வச்சு, மாத்தவேண்டிய வரிக்கு மேல தமிழ்ல குறிப்பு எழுதிட்டேன். ஒவ்வொரு டிரயல் முடிஞ்சதும் டேட்டா பிரவுசருக்குள்ள சேமிப்பாகும், கடைசில சிஎஸ்வியா டவுன்லோட் ஆகும், பேட்டரி செத்தாலும் அதுவரைக்கும் பண்ணினது போகாது. பேர் எங்கயும் டைப் பண்றதில்ல, கோட் நம்பர் மட்டும், பேரும் பெத்தவங்க சம்மதக் கையெழுத்தும் மேடம் பீரோவுல.

நடுவுல தங்கச்சி தானா ஒரு பகுதி எழுதிப் பாக்குறேன்னு ஏஐகிட்ட கோடு வாங்கிட்டு வந்துச்சு. பாக்க அம்சமா இருந்துச்சு, ஓடல. ஜேஎஸ்-சைக்ல ஆறாவது வெர்ஷன் எழுதுற முறை வேற, ஏழுல இருந்து வேற, ப்ளக்இன் பேரைக் குறிப்பிடுற விதமே மாறிடுச்சு, அந்தக் கோட்ல ரெண்டும் கலந்து கிடந்துச்சு. "வெர்ஷன் நம்பர் சொல்லிக் கேளும்மா"ன்னு சொன்னேன், அடுத்த தடவை ஓடுச்சு, இப்ப அது தானாவே இன்ஸ்ட்ரக்‌ஷன் பக்கமெல்லாம் மாத்துது.

மலை மேல

காலேஜ்ல பைலட், அதாவது ஒத்திகை, சுத்தமா ஓடுச்சு, அங்க எதுவும் தெரியல. அடிவாரத்துல இருந்து 20 ஹேர்பின் வளைவு ஏறி லேப்டாப் பையை இறக்கின பிறகுதான் ஒண்ணொண்ணா வந்துச்சு.

முதல் பையன் கீயை அழுத்தறான், ஸ்கிரீன் அசையல. மெஷின் தொங்கிடுச்சான்னு பாத்தா இல்ல. அந்த லேப்டாப்காரர் தமிழ்99 விசைப்பலகை போட்டு வச்சிருக்கார், ஏதோ ஷார்ட்கட் பட்டு அது ஆன் ஆயிருக்கு. ஜேஎஸ்-சைக் பாக்குறது எந்த எழுத்து வந்துச்சுன்னு, எந்தக் கட்டை அழுந்துச்சுன்னு இல்ல. டி கட்டையைத் தட்டினா தமிழ் எழுத்து வருது, அது எதிர்பாக்கிற லிஸ்ட்ல இல்ல, கண்டுக்காம விட்டுடுது. இங்கிலீஷ் கீபோர்டுக்கு மாத்தி, ஆரம்பத்துல "நாலு கலர் கீயையும் ஒவ்வொண்ணா அழுத்துங்க"ன்னு ஒரு பக்கம் சேத்தோம், நாலும் பதிவானாத்தான் அடுத்த பக்கம் திறக்கும். அதுலயே இன்னொரு நல்லது, கீபோர்டு பழக்கம் இல்லாத பசங்களுக்கு விரல் எங்க வைக்கணும்னு அங்கயே பழகிடுச்சு.

பசங்க கீயை விடாம அமுக்கிப் பிடிக்கறாங்க, தட்டிட்டு எடுக்கணும்ங்கற பழக்கம் இல்ல. நல்லவேளை பிடிச்ச கீயைப் புதுப் பதிலா எடுக்காதது ஜேஎஸ்-சைக்லயே இயல்பா இருக்கு. ஜன்னல் பக்கம் உக்காந்த பையனுக்கு மஞ்சு விலகினதும் ஸ்கிரீன்ல வெளிச்சம் அடிச்சு மஞ்சளும் பச்சையும் ஒண்ணா தெரியுது, எல்லா மேஜையையும் திருப்பிப் போட்டோம். காலைல குளிர், விரல் விறைச்சுப் போய் மெதுவா அழுத்தறாங்க, இது பொருந்துறது, பொருந்தாதது ரெண்டுக்கும் சமம்னாலும் மொத்த வேகத்தை டவுனோட ஒப்பிட முடியாம பண்ணிடும், அதனால வெயில் ஏறின பிறகுதான் செஷன்னு தங்கச்சி முடிவு பண்ணுச்சு. இதெல்லாம் எந்த டூலும் காப்பாத்தாது.

கரன்ட் போனப்ப கார்டு வேலைக்கு வந்துச்சு. 1935 மாதிரியே அச்சடிச்ச அட்டையும் ஸ்டாப்வாட்ச்சும் தங்கச்சி பையில இருந்துச்சு, பேட்டரி இல்லாத நேரத்துல சும்மா உக்காந்திருந்த பசங்ககிட்ட அதைப் பண்ணி வச்சுச்சு. அந்த டேட்டா மெயின் கணக்குல சேராது, வேற முறை, வேற அளவு. ஆனா கம்ப்யூட்டர்ல வந்த போக்கும் அட்டைல வந்த போக்கும் ஒரே பக்கம் போகுதான்னு பாக்க ஒரு தனிப் பகுதியா மேடம் சேக்கச் சொல்லிட்டாங்க.

திரும்பி வந்து சிஎஸ்வியை எக்செல்ல திறந்தா தமிழ் முழுக்க கோணல் மாணல். ஃபைல் கெட்டுப் போகல, எழுத்து யூடிஎஃப்-8ங்கற முறைல சேமிச்சிருக்குன்னு எக்செல்லுக்குத் தெரியல. டேட்டா மெனு வழியா இம்போர்ட் பண்ணி யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தா சரியாயிடும். பதறிப் போய் அப்படியே சேவ் பண்ணிடாதீங்க, அப்பதான் நிஜமாவே கெடும். அடுத்த வெர்ஷன்ல ஃபைலோட தலைல, இது யூடிஎஃப்-8ன்னு எக்செல்லுக்குச் சொல்ற பிஓஎம் குறி சேத்துட்டேன், இப்ப நேரா திறக்குது. ரிசல்ட் என்னன்னு கேக்காதீங்க, அது தங்கச்சியோட டெசர்டேஷன், அதுதான் சொல்லணும்.

இதைப் பாத்துட்டு அதே டிபார்ட்மென்ட்ல ஒரு தம்பி வந்தான், இதே ஃபோல்டரைக் கொடுங்கண்ணா, வார்த்தையை மட்டும் மாத்திக்கறேன்னான். அவனுக்கு வேண்டியது மறைமுக ப்ரைமிங், முன்னாடி வந்த வார்த்தை அடுத்த வார்த்தைக்கான பதிலை எப்படி மாத்துதுன்னு பாக்குறது, அதுல முதல் வார்த்தை 40 மில்லிசெகண்ட் மட்டும் மின்னி மறையணும், படிச்சோம்னே தெரியக்கூடாது. ஃபோல்டரைக் கொடுக்கல. 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ல ஒரு ஃப்ரேம் 16.67, ரெண்டு ஃப்ரேம் 33, மூணு ஃப்ரேம் 50, 40ங்கறதே அந்த ஸ்கிரீன்ல கிடையாது. பிரவுசர் ஒரு ஃப்ரேம் நழுவவிட்டா 33 கேட்டது 50 ஆகி வார்த்தை கண்ணுல பட்டுடும், மொத்த எக்ஸ்பெரிமென்ட்டும் காலி. அவனுக்கு காலேஜ் லேப்ல ஒரே மெஷின், மலைக்குப் போற வேலை இல்ல, இன்ஸ்டால் பண்ண இடமும் இருக்கு. சைக்கோபை போடச் சொல்லி, தமிழ் வார்த்தை எல்லாத்தையும் படமா மாத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருக்கேன், நேரத்தை மில்லிசெகண்ட்ல எழுதாம ஃப்ரேம் எண்ணிக்கைல எழுதுன்னும் சொல்லியிருக்கேன். முதல்ல "பச்சை"யைப் படமாக்கி அனுப்பியிருந்தான், ஐகாரம் சரியாத்தான் நிக்குது.